பழைய சீனக் காகிதப் பணம்: காயல் துறை முதல் டிரங்குப் பெட்டி வரை

(கூடங்குளத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

உலகில் முதன்முதலாகக் காகிதத்தைப் பணமாகப் புழங்கவிட்ட நாடு சீனா. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், சோங் அரசர்கள் காலத்தில், சிச்சுவான் பகுதியின் செங்டு நகர வணிகர்கள் அதைத் தொடங்கினார்கள். சீனாவின் மற்ற இடங்களில் செப்புக்காசு செல்ல, சிச்சுவானில் மட்டும் இரும்புக்காசு புழங்கியது. இரும்புக்கு மதிப்புக் குறைவு, எடை அதிகம். ஓரளவு பெரிய கொள்முதலுக்கே காசை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டிய நிலை. எனவே வணிகர்கள் காசை வாங்கித் தம்மிடம் வைத்துக்கொண்டு அதற்குச் சீட்டு எழுதித் தந்தார்கள். சீட்டு கைமாறியது, காசு இருந்த இடத்திலேயே இருந்தது. சில வணிகர்கள் வைப்பில் இருந்த காசைவிடக் கூடுதலாகச் சீட்டு எழுதிவிட்டுக் கைவிரித்தபோது அரசு தலையிட்டது. 1023இல் இதற்கென அலுவலகம் அமைத்து, சீட்டு வெளியிடும் உரிமையை அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. நம்பிக்கையில் தொடங்குவது, அளவு மீறி அச்சிடுவது, கடைசியில் கைவிரிப்பது என்ற மூன்றும் அந்த முதல் தலைமுறையிலேயே நடந்து முடிந்துவிட்டன. பின்வந்த ஆயிரம் ஆண்டுகளில் இந்த வரிசை பலமுறை திரும்ப வந்திருக்கிறது.

பழைய சீன நோட்டைச் சேகரிக்க விரும்புகிறவர் இங்கே ஒரு பொது விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். மதிப்பு நிலைத்த நோட்டு வங்கிக்குத் திரும்பிப்போகும். அங்கே எண்ணி எரித்துவிடுவார்கள். மதிப்பிழந்த நோட்டுதான் பெட்டியடியில் தங்கும், ஏனென்றால் அதைக் கொடுத்து எதையும் வாங்க முடியாது. ஆகவே இன்று மலிவாகக் கிடைக்கும் நோட்டுகளில் பெரும்பாலானவை தோற்றுப்போன அரசுகளுடையவை. அரியவை பெரும்பாலும் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டவை. எந்த நோட்டு எவ்வளவு பழையது என்று கேட்பதைவிட, அது செல்லாமற்போனபோது மாற்றித் தந்தார்களா என்று கேட்டால் அதன் இன்றைய விலை சட்டென்று விளங்கிவிடும். ஆயிரம் ஆண்டுப் பழமை உள்ள சோங் காலத்துச் சீட்டு மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. ஐயத்துக்கு இடமில்லாத சோங் நோட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. அச்சுத் தகடு என்று காட்டப்படுபவற்றைப் பற்றியும் அறிஞர்களிடையே கருத்து ஒருமிக்கவில்லை.

சோங் அரசை வீழ்த்திய மங்கோலியரில் குப்லாய் கான் 1260இல் வெளியிட்ட நோட்டு, காகிதப் பணத்தைப் பேரரசு முழுவதற்கும் உரியதாக்கியது. தெற்குச் சீனா அவன் வசமானதும் பழைய சோங் சீட்டுகளை வாங்கிக்கொண்டு புதிய நோட்டு தந்தார்கள். மார்க்கோ போலோ தன் பயண நூலில் இதற்கு ஒரு தனி அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். முசுக்கட்டை மரத்தின் உட்பட்டையிலிருந்து செய்யும் கறுத்த காகிதம், சிறிதும் பெரிதுமாக வெட்டப்பட்ட தாள்கள், அவற்றின் மேல் சிவப்பு முத்திரை, கள்ள நோட்டு அடித்தவனுக்கு மரண தண்டனை ஆகியவற்றை அவர் விவரிக்கிறார். கிழிந்த நோட்டைக் கொண்டுபோனால் நூற்றுக்கு மூன்று பிடித்துக்கொண்டு புதிது தருவார்களாம். இந்தியாவிலிருந்து வரும் வணிகர்கள் கொண்டுவரும் பொன், வெள்ளி, மணி, முத்து எதையும் பேரரசனைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது. பன்னிரண்டு வல்லுநர்கள் மதிப்பிட்டு அதற்குரிய விலையைக் காகிதமாகத் தருவார்கள் என்றும் எழுதுகிறார்.

தாமிரபரணிக் கரையைச் சேர்ந்தவர்களுக்கு அந்தச் செய்தி வெறும் வேடிக்கைக் கதையாக இருக்க முடியாது. போலோ 1290களின் தொடக்கத்தில் சீனத்திலிருந்து கடல்வழியாகத் திரும்புகையில் பாண்டிய நாட்டின் காயல் துறையைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறார். அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய அந்தத் துறை, முத்துக்குளிப்புக்குப் பெயர்போன மன்னார் வளைகுடாவின் கரையில், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி இருந்தது. பாண்டிய நாட்டிலிருந்து குப்லாயின் அவைக்குத் தூதர்கள் சென்ற செய்தியும் சீன வரலாற்றுக் குறிப்புகளில் உண்டு. சீனத்துறையில் இறங்கிய முத்துக்குக் கிடைத்த விலை காகிதமாக இருந்திருந்தால், ஊர் திரும்புவதற்குள் அதைப் பட்டாகவோ பீங்கானாகவோ மாற்றிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். பேரரசின் எல்லைக்கு வெளியே அந்தக் கறுத்த தாளுக்கு எந்த விலையும் இல்லை.

தமிழ் வணிகர்கள் அந்தச் சீனத்துறையில் இருந்ததற்குக் கல்லிலேயே சான்று உண்டு. குவான்சௌ நகரில், மார்க்கோ போலோ ஜைத்தூன் என்று குறிப்பிடும் அதே துறையில், 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அங்கே சிவன் கோயில் எடுத்ததைச் சொல்லும் அந்தக் கல்வெட்டு, குப்லாய் கானின் நலத்தை வேண்டுகிறது. அவனுடைய ஆணையையும் குறிப்பிடுகிறது. கல்வெட்டு பொறிக்கப்பட்ட காலத்தில் அந்த நகரம் குப்லாயின் ஆட்சியில் இருந்தது. அவனுடைய நோட்டே அரசுப் பணம். கோயில் செலவிலும் ஒரு பங்கு அந்த நோட்டில் நடந்திருக்கக் கூடும்.

அப்படியானால் தமிழகத்துக்கு வந்து சேர்ந்தது என்ன? கூடங்குளத்துக்கு வடகிழக்கே சிறிது தொலைவில் உள்ள இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல், கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்தவர். காயலின் மண்மேடுகளில் சீனப் பீங்கான் ஓடுகள் சிதறிக்கிடந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்திலும் சீனப் பீங்கான் ஏராளமாகக் கிடைத்தது. பழைய தஞ்சை மாவட்டத்தில் தாலிக்கோட்டை, ஒலயக்குன்னம் போன்ற ஊர்களில் சீனச் செப்புக்காசுப் புதையல்கள் வெளிப்பட்டன. தாலிக்கோட்டைப் புதையலில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட காசுகள். சோங் அரசு செப்புக்காசை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை விதித்தது. தடையை மீறியும் காசு கடல் கடந்தது, ஏனென்றால் செம்பு எங்கே போனாலும் செம்புதான். காகிதப் பணம் தடையில்லாமலே ஊரோடு நின்றுவிட்டது. வந்திருந்தாலும் கடற்கரை ஈரத்திலும் கரையானிலும் ஓர் ஓலைச்சுவடியின் ஆயுள்கூட அதற்கு இருந்திருக்காது. குப்லாய் காலத்து நோட்டுகள் மிஞ்சிய இடம் ஈரமே இல்லாத பாலைவனம். ரஷ்ய ஆய்வாளர் கஸ்லோவ் 1908–09இல் மங்கோலியப் பாலையின் காரா-கோட்டோ என்ற பாழடைந்த நகரில் தோண்டியெடுத்தவை இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மித்தாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

குப்லாயின் நோட்டைக் கண்டு பிற நாட்டு அரசர்களும் முயன்று பார்த்தார்கள். பாரசீகத்தில் 1294இல் வெளியிட்ட காகிதப் பணத்தைத் தப்ரீஸ் நகரச் சந்தை ஏற்க மறுத்தது. டெல்லியில் முகமது பின் துக்ளக் 1330ஐ ஒட்டிக் காகிதத்துக்குப் பதிலாகப் பித்தளை, செம்பு வில்லைகளை வெள்ளிக்காசின் மதிப்பில் விட்டான். வீட்டுக்கு வீடு கள்ளக்காசு வார்க்கத் தொடங்கியதும் அந்த முயற்சி முடிவுக்கு வந்தது.

சேகரிப்பாளர் கைக்கு எட்டக்கூடிய மிகப் பழைய நோட்டு, மிங் வம்சத்து முதல் பேரரசன் ஹொங்வு 1375இல் வெளியிட்டது. முதன்முறை பார்ப்பவரைத் திகைக்க வைப்பது அதன் அளவு. ஏறத்தாழ 34 செ.மீ. உயரம், 22 செ.மீ. அகலம், ஒரு முழுத்தாள் அளவுக்கு மேல். கல்பலகை நிறம், கனத்த நாரான காகிதம். மேலே பெரிய எழுத்தில் நோட்டின் பெயர், சுற்றிலும் நாகப்பாம்பு போல வளைந்தோடும் டிராகன் கரை. நடுவில் ‘ஒரு குவான்’ என்ற மதிப்பு. எழுதப்படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக அதன் கீழே நூலில் கோத்த காசுச் சரங்களைப் படமாக வரைந்திருக்கிறார்கள். சரத்துக்கு 100 காசு வீதம் பத்துச் சரம், ஆக 1,000 காசு. படத்துக்கு அடியில் கட்டம் கட்டி எச்சரிக்கை: கள்ள நோட்டு செய்பவன் தலை வெட்டப்படும், காட்டிக் கொடுப்பவனுக்கு 250 தேல் (சீன எடை அளவு) வெள்ளியும், குற்றவாளியின் சொத்தும் கிடைக்கும். மேலே கையால் அழுத்திய சிவப்புச் சதுர முத்திரைகள். அறுநூறு ஆண்டுக்குப் பிறகு அச்சின் கறுப்பு மங்கிவிட்டாலும் முத்திரையின் சிவப்பு பல நோட்டுகளில் இன்னும் கண்ணில் படுகிறது.

இந்த நோட்டுக்கு ஈடாக வெள்ளியோ காசோ தருவதாக அரசு உறுதி கொடுக்கவில்லை. தேவைக்கேற்ப அச்சிட்டார்கள், அழுக்கடைந்த நோட்டைத் திரும்ப வாங்குவதில் சுணங்கினார்கள். 15ஆம் நூற்றாண்டின் நடுவுக்குள் அதன் மதிப்பு பெயரளவுக்கு வந்துவிட்டது. மிங் அவைக்கு வந்த வெளிநாட்டுத் தூதர்களுக்கு இதே நோட்டைக் கட்டுக்கட்டாகப் பரிசளித்ததும் உண்டு. வாங்கியவர் சீனத்திலேயே செலவழித்துவிட்டுத்தான் கப்பலேற முடியும். அதே அரசு கடல் கடந்து காணிக்கை அனுப்பும்போது என்ன அனுப்பியது என்பதை இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுத்த கல்வெட்டு காட்டுகிறது. கடற்படைத் தலைவன் செங் ஹோவின் பயணத்தின்போது, 1409ஆம் ஆண்டுத் தேதியோடு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறித்த கல் அது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ்ப்பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு அளித்த காணிக்கையை வரிசையாகச் சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எல்லாம் உண்டு. காகித நோட்டு இல்லை. மிங் அரசு தன் நோட்டை உண்மையில் எப்படி எடைபோட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தோற்றுப்போனதால்தான் மிங் நோட்டு மிஞ்சியது. மதிலுக்குள், சிலைக்குள், அடுக்கி வைத்த பழந்தாள்களுக்குள் அவ்வப்போது கிடைத்த நோட்டுகள் மேலைநாட்டு அருங்காட்சியகங்களுக்கும் ஏலக்கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. 2016இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர ஏல நிறுவனம் ஒன்றில், பௌத்தத் துறவியின் மரச்சிலைத் தலையைச் சோதித்துக்கொண்டிருந்தபோது உள்ளே மடித்துச் செருகிய மிங் நோட்டு வெளிப்பட்டது. கையில் வாங்கும் அளவுக்கு விலை இறங்கியிருப்பவை சாதாரணமாக ஓட்டையும் ஒட்டுமாக இருக்கும். நல்ல நிலையில், முத்திரை பளிச்சென்று, எங்கிருந்து வந்தது என்ற வரலாறும் இல்லாமல் மலிவாகக் கிடைத்தால் அதைப் புதுப்படி என்று கருதிவிடுவதே நல்லது. மிங் நோட்டின் நகல்கள் சுற்றுலாக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன.

மிங் அரசர்கள் சுட்டுக்கொண்ட சூட்டில் அடுத்து வந்த சிங் அரசு நெடுங்காலம் காகிதப் பணத்தைப் பெரும்பாலும் தவிர்த்தே வந்தது. தைப்பிங் கலகத்தை அடக்கக் கஜானா வற்றியபோது, 1853இல் செப்புக்காசுக்கும் வெள்ளிக்குமாக இரண்டு வகை நோட்டுகளை வெளியிட்டது. டிராகனும் முகிலும் சூழ்ந்த அந்த நீல நோட்டுகளும் சில ஆண்டுகளில் வீழ்ந்தன. ஆனால் தனியார் பணக்கடைகள் நன்றாகவே நடந்தன. ஷான்சி மாநிலத்தில், பிங்யாவ் ஊரில் 1823இல் தோன்றிய ரிஷெங்ச்சாங் நிறுவனம் ஓரூரில் வெள்ளியைப் பெற்றுக்கொண்டு மற்றோரூரில் தரும் சீட்டெழுதி வளர்ந்தது. செட்டிநாட்டு உண்டியல் தொழிலை அறிந்தவருக்கு அந்தக் கடையின் கணக்கு முறை அந்நியமாகத் தோன்றாது. ஊர்ப் பணக்கடைகளின் சீட்டுகள் இன்று சேகரிப்பில் தனிப்பிரிவு. மரக்கட்டை அச்சு, நீளவாக்குத் தாள், விளிம்பில் பாதி முத்திரை, பின்புறம் கைமாறிய ஒவ்வொருவரும் இட்ட மைக்குறி என்று ஒவ்வொன்றும் ஒரு கடைத்தெருவின் வரலாற்றைச் சொல்லும். ஆனால் சீன எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் அதில் இறங்கினால் பணம்தான் போகும்.

சிங் ஆட்சியின் கடைசிக் காலத்திலிருந்து நோட்டு இயந்திர அச்சுக்கு மாறியது. 1865இல் தொடங்கிய ஹாங்காங் ஷாங்காய் வங்கி உட்பட அந்நிய வங்கிகள் துறைமுக நகரங்களில் தங்கள் நோட்டுகளைப் புழங்கவிட்டன. 1912இல் பிறந்த குடியரசில் மாகாணத் தளபதிகளும் ஆளுக்கொரு வங்கி வைத்து நோட்டு அடித்தார்கள். 1935 நவம்பரில் அரசு வெள்ளியைத் திரட்டிக்கொண்டு, குறிப்பிட்ட வங்கிகளின் நோட்டை மட்டுமே செல்லுபடியாகும் பணமாக்கியது. அமெரிக்கன் பேங்க் நோட், தாமஸ் டி லா ரூ, வாட்டர்லோ ஆகிய அச்சகங்கள் எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட அந்தக் காலத்து நோட்டுகள் அச்சுக்கலையின் உச்சம். விரல்நுனியால் தடவினாலே மையின் மேடு தெரியும். தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்கு இந்தக் காலமே ஏற்றது. அழகு, ஆங்கில எழுத்து, மலிவு மூன்றும் சேர்ந்திருக்கின்றன.

மலிவுக்குக் காரணம் போர். 1937இல் ஜப்பானோடு மூண்ட போரில் அரசு வரி கிடைத்த கரையோர நகரங்களை இழந்து, செலவை அச்சகத்தைக் கொண்டு ஈடுகட்டியது. பர்மாச் சாலை 1942இல் அடைபட்டதும், அமெரிக்காவில் அச்சடித்த சீன நோட்டுகள் கப்பலில் இந்தியாவுக்கு வந்து, அஸ்ஸாமிலிருந்து இமயத்துக்கு மேலே பறந்த விமானங்களில் குன்மிங் போய்ச் சேர்ந்தன. வெடிமருந்துக்கும் எரிபொருளுக்கும் உரிய விமான இடத்தில் காகிதமும் பங்கு கேட்டது. போர் முடிந்ததும் உள்நாட்டுப் போர். 1948 ஆகஸ்டில் பழைய நோட்டு முப்பது லட்சத்துக்கு ஒன்று வீதம் ‘தங்க யுவான்’ வெளியிட்டார்கள். மக்களிடமிருந்த தங்கத்தையும் வெள்ளியையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஓராண்டு தாங்கவில்லை. சீனாவின் மேற்கு எல்லையான சிங்சியாங் மாகாண வங்கி 1949இல் வெளியிட்ட நோட்டின் முகமதிப்பு 600 கோடி யுவான். அது 10,000 தங்க யுவானுக்குச் சமம் என்று அந்த நோட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அந்தத் தங்க யுவானும் அப்போது செல்லாக்காசாகிக் கொண்டிருந்தது. தங்க யுவான் நோட்டுகளில் பல இன்றும் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும். சிங்சியாங் நோட்டு மட்டும் அதன் எண்ணால் பெயர் வாங்கி விலை ஏறிவிட்டது.

தமிழ்நாட்டில் “வீட்டில் பழைய சீன நோட்டு இருக்கிறது” என்று கொண்டுவருபவர்கள் விரிக்கும் தாள், பல வேளைகளில் சீனாவுடையது அன்று. ஒரு பக்கம் வாழைமரமும் குலையும் வரைந்த பத்து டாலர் நோட்டு. ஆங்கிலத்தில் ‘ஜப்பானிய அரசாங்கம்’ என்றும், அடியில் கிழக்காசிய எழுத்து வரி ஒன்றும், சின்னச் சிவப்பு முத்திரையும் இருக்கும். அந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டுச் சீனம் என்று நினைத்துவிடுகிறார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் மலேயாவில் விட்ட நோட்டு அது. மலேயாவில் அதை வாழைப்பழ நோட்டு என்றே அழைத்தார்கள். பர்மாவில் விட்டது ரூபாயில் இருந்தது. நோட்டு முகத்தில் உள்ள எழுத்துக் குறியைப் பார்த்தாலே நாடு தெரிந்துவிடும்: எம் என்று தொடங்கினால் மலேயா, பி என்று தொடங்கினால் பர்மா. தொடக்கத்தில் மலேயா நோட்டில் வரிசை எண் இருந்தது. போகப் போக எண்ணைக் கைவிட்டு எழுத்துக் குறியோடு நிறுத்திக்கொண்டார்கள். எண்ணிக்கையே வைக்காமல் அச்சிட்டதற்கு அதுவே சாட்சி. எண் உள்ள நோட்டுக்குச் சேகரிப்பாளர் கூடுதல் விலை தருவதும் அதனால்தான்.

1945இல் திரும்பி வந்த ஆங்கிலேயர் அந்த நோட்டு செல்லாது என்றார்கள். போருக்கு முன்பிருந்த மலேயா டாலர் தொடர்ந்து செல்லும் என்றார்கள். திருநெல்வேலி, இராமநாதபுரம், தஞ்சைப் பகுதிகளிலிருந்து தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் கடைக்கும் போயிருந்தவர்கள் நல்ல டாலரை மாற்றிக்கொண்டார்கள். வாழைமர நோட்டுக் கட்டு டிரங்குப் பெட்டியில் பழம்புடவையின் அடியில் தங்கிவிட்டது. முதலில் சொன்ன விதி தமிழ் வீடுகளிலேயே இப்படி மெய்ப்பட்டது. இதனால்தான் இந்த நோட்டுக்கு இன்று பெரிய விலை இல்லை. பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டு ஏமாந்து போவதும் வழக்கம். பர்மாவோடு சேர்ந்த இன்னொரு வகைக்கு மதிப்பு அதிகம். 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது ‘பர்மாவில் மட்டும் செல்லும்’ என்று மேலச்சிட்டுப் புழங்கவிட்ட இந்திய ரூபாய் நோட்டுகள் நல்ல நிலையில் கிடைப்பது அரிது.

சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வரும் மூட்டைகளில் வேறொரு போலியும் இருக்கும். தாடி வைத்த தேவன் படமும் வாயடைக்கும் கோடிக் கணக்கும் அச்சிட்ட வண்ண நோட்டு. சீனர்கள் இறந்தோருக்காக எரிக்கும் சடங்குத்தாள் அது. கடையில் கட்டுக் கணக்கில் விற்பது. சீன வங்கி ஊழியர் எண்ணிப் பழகுவதற்கென்று அச்சிடும் பயிற்சித்தாளும், அசல் யுவானைப் போலவே தோன்றுவதால், விவரம் தெரியாதவர் கையில் ஏறிவிடுகிறது.

மக்கள் சீனக் குடியரசு அறிவிக்கப்படுவதற்குப் பத்து மாதம் முன்பே, 1948 டிசம்பர் 1ஆம் தேதி ஷிஜியாசுவாங் நகரில் சீன மக்கள் வங்கி தொடங்கியது. அதன் முதல் வரிசை நோட்டுகள் 1 யுவான் முதல் 50,000 யுவான் வரை 12 மதிப்புகளில் 62 வகை. உழவன், ரயில், பாலம், ஒட்டகம், ஆட்டு மந்தை என்று நாட்டு வாழ்க்கைப் படங்கள். மாவோ படம் கிடையாது. வெவ்வேறு ஊர் அச்சகங்களில் போர்க்கால அவசரத்தில் அச்சிட்டதால் காகிதமும் மையும் ஒன்றுபோல இல்லை. 1955இல் பத்தாயிரத்துக்கு ஒன்று வீதம் மாற்றிப் பழையதை அரசு திரும்பப் பெற்றது. மக்களும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே ஆறேழு ஆண்டுக்காலம் கோடிக்கணக்கான கைகளில் இருந்த இந்த நோட்டுகளை, மிங் நோட்டைத் தேடுவதைப் போலத் தேட வேண்டியிருக்கிறது. உள்மங்கோலியா, சிங்சியாங் பகுதிகளுக்கென்று மங்கோலிய, உய்குர் எழுத்தோடு குறுகிய காலம் விட்டவை எல்லாவற்றிலும் அரியவை. மேயும் குதிரைகளைக் காட்டும் 10,000 யுவான் நோட்டுக்குப் பல லட்சம் யுவான் விலை உண்டு.

இரண்டாம் வரிசையில் 3, 5, 10 யுவான் நோட்டுகளைச் சோவியத் ஒன்றியம் அச்சிட்டுக் கொடுத்தது. இரு நாட்டுக்கும் உறவு கெட்டபின், 1964இல் அவற்றை ஒரு மாதக் கெடுவில் திரும்பப் பெற்றார்கள். 3 யுவான் நோட்டு அதன்பின் வரவே இல்லை. மூன்றாம் வரிசையில் பின்புறம் பச்சையாக அச்சிட்ட ஒரு ஜியாவ் (யுவானில் பத்தில் ஒரு பங்கு) நோட்டு, இரண்டு ஜியாவ் நோட்டோடு குழம்பியதால் கைவிடப்பட்டது. இன்று அந்த வரிசையில் அதிகம் தேடப்படுவது அதுதான். செலவில்லாமல் தொடங்க விரும்புபவருக்கு ஒரு பக்கவழியும் உண்டு. 1955 முதல் 1993 வரை சீனாவில் அரிசியும் கோதுமையும் வாங்கப் பணத்தோடு தானியச் சீட்டும் கொடுக்க வேண்டும். ஊர்தோறும் வேறுவேறு படம் போட்ட அந்தச் சீட்டுகள் நோட்டைப் போலவே நேர்த்தியானவை, மிக மலிவு. ரேஷன் கார்டோடு வளர்ந்த நம்மவர் அவற்றைப் புறக்கணிப்பது ஏன் என்று தெரியவில்லை.

நோட்டின் விலையைத் தீர்மானிப்பதில் நிலைக்குத்தான் முதலிடம். சலவை நோட்டுக்கும் நான்காய் மடிந்த நோட்டுக்கும் பத்து மடங்கு விலை வேறுபடுவது சாதாரணம். இப்போது பன்னாட்டுச் சந்தையில் தரநிறுவனங்கள் 70 புள்ளி அளவுகோலில் தரம் குறித்து உறையிட்டுத் தருகின்றன. விலை உயர்ந்த நோட்டுக்கு அது தேவை. சாதாரண நோட்டுக்கு உறையின் செலவு உள்ளே இருப்பதைவிட அதிகமாகிவிடும். விற்பவர்கள் பழைய நோட்டைக் கழுவி, வெளுத்து, இஸ்திரி போட்டுச் சலவை நோட்டாக்கிக் காட்டுவதுண்டு. சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அழுத்தி மறைத்த மடிப்புக் கோடு தெரிந்துவிடும்; இஸ்திரி பட்ட நோட்டில் மை மேடும் தட்டையாகியிருக்கும்.

கள்ளப்படியைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியும் புற ஊதா விளக்கும் போதும். எஃகுத் தகட்டு அச்சில் கோடுகள் அறுபடாமல் ஓடும். இன்றைய ஆஃப்செட் நகலில் அதே கோடு வண்ணப் புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே வெண்மையூட்டும் ரசாயனம் காகிதத்தில் பரவலாயிற்று. எனவே 1930களின் நோட்டு என்று சொல்லப்படுவது புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால் அதை வைத்துவிட்டு வரலாம். முதல் வரிசை மக்கள் வங்கி நோட்டில்தான் ஏமாறுவது எளிது, ஏனென்றால் அசலே கரடுமுரடான அச்சு.

கூடங்குளம், இடிந்தகரை, உவரி போன்ற கடலோர ஊர்களில் காகிதத்தைக் காப்பது தனி வேலை. உப்புக்காற்றின் ஈரம் நோட்டைத் தளரவிடும், பூஞ்சைப் புள்ளியை வரவழைக்கும், கட்டுக்குக் குத்திய ஊசியைத் துருப்பிடிக்கச் செய்து ஓட்டையைச் சுற்றிச் செந்நிறக் கறை படியவைக்கும். லாமினேஷன் செய்த நோட்டை மீட்க வழியே இல்லை. செல்லோடேப் ஒட்டினால் மஞ்சள் கறை காகிதத்துக்குள் இறங்கிவிடும். கடையில் கிடைக்கும் மெத்தென்ற பி.வி.சி. உறை நாளடைவில் பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையே பாதுகாப்பு. இரும்பு பீரோவில், தரையிலிருந்து உயரத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். வெயிலில் காயவைப்பது கூடாது.

நோட்டின் ஆண்டைப் படிக்கச் சீன மொழி முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1912 முதல் 1949 வரையிலான நோட்டுகளில் பெரும்பாலும் குடியரசின் ஆண்டு இருக்கும்; அதோடு 1911ஐக் கூட்டினால் நம் ஆண்டு கிடைக்கும். 24ஆம் ஆண்டு என்றால் 1935. பழைய நோட்டில் கிடைவரி வலமிருந்து இடமாக ஓடும். சாதாரணச் சீன எழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்பவை ஒரு கோடு, இரு கோடு, முக்கோடு மட்டுமே; ஒரு கோட்டைக் கூட்டி மதிப்பைத் திருத்திவிடலாம் என்பதால் நோட்டில் அவற்றுக்கு நெருக்கமான வேறு வடிவங்களை எழுதுவார்கள். அந்தப் பதின்மூன்று எண் வடிவங்களை, அதாவது ஒன்று முதல் பத்து வரையும் நூறு, ஆயிரம், பத்தாயிரமும், ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் முகமதிப்பையும் ஆண்டையும் படித்துவிடலாம். அடுத்துப் பார்க்க வேண்டியது ஊர்ப் பெயர். ஒரே படம், ஒரே ஆண்டு கொண்ட நோட்டுகளில் ஷாங்காய், டியன்சின், சுங்கிங் என்று வெவ்வேறு ஊர்கள் மேலச்சாக இருக்கும். ஓர் ஊர் நோட்டு சாதாரணம், இன்னோர் ஊர் நோட்டு அரிது. இந்த வேறுபாடுகளை எண் கொடுத்துப் பிரித்துக் காட்டுவது ஆல்பர்ட் பிக் தொடங்கிவைத்த உலகக் காகிதப் பணப் பட்டியல். சீன வங்கிகளுக்கு மட்டும் ஸ்மித்தும் மேட்ரவர்சும் 1970இல் வெளியிட்ட நூலை இன்னும் ஏலப் பட்டியல்கள் எடுத்தாள்கின்றன.